பழைய மெயில் எல்லாம் புதிய முகவரிக்கு: கட்டளை வரியில் மாற்றும் முழுமையான வழிகாட்டி

இணைய இணைப்போடு இலவசமாக வந்த முகவரி, முந்தைய வேலையிடத்து முகவரி, கல்லூரி முகவரி என்று எதில் மெயில் சேர்ந்திருந்தாலும் ஒருநாள் அதை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. பத்து வருஷ மெயிலைப் புதிய முகவரிக்குக் கொண்டுபோகும் கட்டளை ஒரே ஒரு வரிதான். அந்த வரியில் யாரும் தடுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை. எண்ணாமல் தொடங்குகிறார்கள், பாதியில் புதுப் பெட்டியை ஒழுங்கு செய்கிறார்கள், சரிபார்க்கும் முன்பே பழையதை மூடிவிடுகிறார்கள். விழுவது அங்கேதான். அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

இரண்டு கருவிகள் போதும். ஐமேப்சிங்க் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு நேராக நகலெடுக்கும். எம்பிசிங்க் சர்வரில் இருப்பதை உங்கள் கணினிக்கு இறக்கித் தரும். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஐமேப்சிங்கின் ஆப்ஷன்கள் எல்லாம் சின்ன எழுத்தில், சேர்த்து, முன்னால் இரட்டைக் கோடு போட்டு வரும். ஆப்ஷனின் வாலில் 1 என்று இருந்தால் பழைய பெட்டி, 2 என்று இருந்தால் புதிய பெட்டி. இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஏன் என்பது 13ஆவது படியில் தெரியும்.

1. மெயில் உண்மையில் எங்கே இருக்கிறது?

என் சித்தப்பாவின் மெயிலை முதன்முதலில் மாற்றிக் கொடுத்தபோது எல்லாம் சுலபமாக முடிந்தது. மறுநாள் போன் வந்தது. "டேய், போன வருஷத்து மெயில் எல்லாம் இருக்கு. அதுக்கு முன்னாடி வந்தது ஒண்ணுகூட இல்லையே!"

அவர் பல வருஷம் பாப் முறையில் மெயில் பார்த்தவர். பாப், சர்வரில் இருப்பதைக் கணினிக்கு இறக்கும். 'சர்வரில் ஒரு பிரதி வைத்திரு' என்று அமைக்காவிட்டால் அங்கே அழித்தும்விடும். ஆக அவருடைய பழைய மெயில் சர்வரிலேயே இல்லை. பரணில் கிடந்த கணினியில், தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலின் லோக்கல் ஃபோல்டர்களில் இருந்தது. சர்வரில் இல்லாததை ஐமேப்சிங்க் எடுத்துவர முடியாது.

அதனால் முதல் வேலை, பழைய பெட்டியை வெப்மெயிலில் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போவது. மிகப் பழைய மெயிலின் தேதி நீங்கள் எதிர்பார்த்ததுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் மீதி ஏதோ ஒரு கணினியில் இருக்கிறது.

தண்டர்பேர்ட் லோக்கல் ஃபோல்டர்களைப் பெரும்பாலும் எம்பாக்ஸ் கோப்புகளாக வைத்திருக்கும். ஒரு ஃபோல்டருக்கு ஒரு கோப்பு, பெயருக்குப் பின்னால் நீட்சி எதுவும் இருக்காது. அதைத் தொடும் முன் தண்டர்பேர்டில் அந்த ஃபோல்டரைக் 'காம்பாக்ட்' செய்யுங்கள். நீங்கள் அழித்த மெயில்கள் அதுவரை கோப்புக்குள்ளேயே, 'அழிந்தது' என்ற குறியோடு மட்டும் கிடக்கும். வேறு நிரல் அந்தக் குறியைக் கண்டுகொள்ளாது, எப்போதோ தூக்கிப்போட்டதெல்லாம் உயிரோடு எழுந்து வரும். பிறகு மட் என்ற டெர்மினல் மெயில் நிரலில் அந்தக் கோப்பைத் திறந்து, எல்லாவற்றையும் குறியிட்டு, புதிய பெட்டியில் தனி ஃபோல்டர் ஒன்றுக்கு நகலெடுக்கலாம். மட் பழக்கமில்லை என்றால் தண்டர்பேர்டிலேயே புதிய கணக்கைச் சேர்த்து, சில நூறு மெயில்களாக இழுத்துப் போடுங்கள். பழைய சர்வருக்கு ஏற்றி அங்கிருந்து மறுபடி கொண்டுவருவது வீண் வேலை. அங்கே இடமும் போதாது.

அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு என்றால், ரீட்பிஎஸ்டி என்ற கருவி அதை எம்பாக்ஸாக மாற்றித் தரும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு ஐமேப் சர்வர்களின் பெயர்கள் வேண்டும். ஐமேப் என்பது மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை. மறையாக்கத்தோடு கூடிய ஐமேப்பின் போர்ட் 993. வெப்மெயில் முகவரியும் ஐமேப் சர்வரின் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சேவை தருபவரின் உதவிப் பக்கத்தில் பார்த்துக்கொள்வதே நல்லது.

யூசர்நேம் சில இடங்களில் முழு மெயில் முகவரி, சில பழைய சர்வர்களில் @ குறிக்கு முன்னால் உள்ள பகுதி மட்டும்.

ஜிமெயிலில் வழக்கமான பாஸ்வேர்டு இதற்குச் செல்லாது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்க வேண்டும். நான்கு நான்காக இடைவெளி விட்டுக் காட்டும், இடைவெளியை நீக்கிவிட்டுச் சேமியுங்கள். அவுட்லுக்.காம் பெட்டி 2024 செப்டம்பரிலிருந்து ஐமேப்பில் வெறும் பாஸ்வேர்டை ஏற்பதில்லை, ஓஆத் டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலான அனுமதிச் சீட்டு) கேட்கும். ஐமேப்சிங்கில் அதற்கு வழி உண்டு, ஆனால் அமைப்பது தனி வேலை. முதல் முயற்சியை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

புதிய பெட்டியின் கொள்ளளவு பழையதில் இருப்பதைவிடத் தாராளமாக அதிகம் இருக்கட்டும். ஓட்டத்தின் நடுவே பெட்டி நிறைந்தால் மாற்றம் நிற்பதோடு, அதே நேரத்தில் புதிய முகவரிக்கு வரும் நிஜ மெயிலும் திரும்பிப் போகும்.

எந்தக் கணினியில் ஓட்டுவது? மெயில் முழுவதும் அந்தக் கணினி வழியாகத்தான் வந்து போகும். ஒரு ஜிபி மாற்ற ஒரு ஜிபி இறக்கி, ஒரு ஜிபி ஏற்ற வேண்டும். வாடகை சர்வர் ஒன்று இருந்தால் அதில் ஓட்டுங்கள். மடிக்கணினிதான் என்றால் மூடினால் தூங்கிவிடாதபடி அமைத்துவிடுங்கள்.

நிறுவும்போது ஒரு குழப்பம் வரும். எம்பிசிங்க் என்ற பெயரில் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் எந்தப் பொதியும் (நிறுவும் மென்பொருள் கட்டு) கிடைக்காது. பொதியின் பெயர் ஐசிங்க், உள்ளே இருக்கும் கட்டளையின் பெயர்தான் எம்பிசிங்க். ஐமேப்சிங்க் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவும் கருவி வழியாகவும், ஃபெடோராவில் அதன் களஞ்சியத்திலிருந்தும் வரும். டெபியன் குடும்பத்தில் பெர்ல் மாட்யூல்களைப் போட்டுவிட்டு நிரலை நேரடியாக இறக்கிக்கொள்ளலாம், அல்லது டாக்கரில் (நிரலைத் தனிக் கூண்டுக்குள் ஓட்டும் கருவி) ஓட்டலாம். டாக்கர் என்றால் அடுத்த படியில் செய்யும் பாஸ்வேர்டு கோப்புகளை உள்ளே மவுண்ட் செய்ய (உள்ளிருந்து தெரியும்படி இணைக்க) மறக்காதீர்கள். உங்கள் ஹோம் ஃபோல்டர் அதன் கண்ணுக்குத் தெரியாது.

3. பாஸ்வேர்டுகளைக் கோப்பில் வையுங்கள்

கட்டளையிலேயே பாஸ்வேர்டைத் தட்டினால் அது டெர்மினலின் ஹிஸ்டரியில் தங்கிவிடும். கட்டளை ஓடும் வரை, அதே கணினியில் இருக்கும் மற்றவர்களுக்கும் பிராசஸ் பட்டியலில் தெரியக்கூடும்.

இரண்டு கோப்புகள் செய்யுங்கள், ஒவ்வொன்றின் முதல் வரியிலும் ஒரு பாஸ்வேர்டு. எடிட்டரைத் திறந்து எழுதுங்கள். எக்கோ கட்டளையால் எழுதினால் அதுவும் ஹிஸ்டரிக்குள் போய்விடும், கோப்பு வைத்ததன் பயனே போய்விடும். பிறகு மற்ற பயனர்கள் அவற்றைப் படிக்க முடியாதபடி சிஎச்மாட் 600. கட்டளையில் --பாஸ்ஃபைல்1, --பாஸ்ஃபைல்2 என்று அந்தக் கோப்புகளைக் காட்டினால் போதும்.

இன்னொரு நன்மையும் இதில் இருக்கிறது. பாஸ்வேர்டில் $ அல்லது ! இருந்தால் ஷெல் (டெர்மினலில் கட்டளையைப் படித்து இயக்கும் நிரல்) அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளும். "வெப்மெயிலில் வேலை செய்கிறது, டெர்மினலில் தப்பு என்கிறது" என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

4. முதலில் உங்கள் கணினிக்கு ஒரு பிரதி

பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இது. ஐமேப்சிங்க் நேராக மாற்றிவிடும்போது நடுவில் இது எதற்கு என்று தோன்றும். எந்தச் சர்வரையும் நம்பாத ஒரு பிரதி கையில் இருந்தால் மற்ற எல்லாப் படிகளிலும் தவறு செய்யலாம். தவிர, 12ஆவது படியில் இந்தப் பிரதி இன்னொரு வேலைக்கும் உதவும்.

ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் எம்பிசிங்க்ஆர்சி என்ற கோப்பில் நான்கு பகுதிகள் எழுத வேண்டும்: ஐமேப் கணக்கு, ஐமேப் ஸ்டோர் (சர்வரில் உள்ள பெட்டி), மெயில்டிர் ஸ்டோர் (உங்கள் கணினியில் மெயில் சேரும் ஃபோல்டர்), இரண்டு ஸ்டோரையும் இணைக்கும் சேனல். புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இவை:

ஒரு பகுதி முடிந்தது என்பதை எம்பிசிங்க் வெற்று வரியை வைத்துத்தான் அறிகிறது. அழகுக்காகப் பகுதியின் நடுவே ஒரு வெற்று வரி விட்டால் அதற்குக் கீழே இருப்பது அந்தப் பகுதியைச் சேராது.

மெயில்டிர் ஸ்டோரின் 'பாத்' சாய்கோட்டில் முடிய வேண்டும். இல்லாவிட்டால் கடைசிச் சொல்லை ஃபோல்டர் பெயரின் முன்னொட்டாக எடுத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டரை நீங்களே முன்கூட்டி உருவாக்கிவிடுங்கள். உள்ஃபோல்டர்கள் இருந்தால் 'சப்ஃபோல்டர்ஸ் வெர்பேட்டிம்' என்ற வரியும் வேண்டும்.

மிக முக்கியமானது 'சிங்க்' வரி. எதுவும் எழுதாவிட்டால் எம்பிசிங்க் இரு திசையிலும் ஒத்திசைக்கும். நமக்கு வேண்டியது ஒரே திசை. 'சிங்க் புல்', 'எக்ஸ்பஞ்ச் நன்', 'கிரியேட் நியர்' என்ற மூன்றும் இருக்கட்டும். 'காப்பிஅரைவல்டேட் எஸ்' என்பதையும் சேருங்கள், மெயில் வந்த தேதி கெடாமல் இருக்கும்.

இன்னொன்று, மறையாக்கத்தைக் குறிக்கும் வரி 1.5 பதிப்பிலிருந்து டிஎல்எஸ்டைப் என்று மாறிவிட்டது, அதற்கு முன் எஸ்எஸ்எல்டைப். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளை அப்படியே ஒட்டினால் இங்கே சண்டை வரும்.

ஓடி முடிந்ததும் ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பாக இருக்கும். ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள், அனுப்பியவர், தேதி எல்லாம் வெறும் எழுத்தாகத் தெரியும். அந்த ஃபோல்டரைப் பென்டிரைவிலும் ஒரு பிரதி எடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம்.

5. கதவு திறக்கிறதா என்று மட்டும் பாருங்கள்

ஐமேப்சிங்க் --ஹோஸ்ட்1 பழையசர்வர் --யூசர்1 பழையபெயர் --பாஸ்ஃபைல்1 கோப்பு1 --ஹோஸ்ட்2 புதியசர்வர் --யூசர்2 புதியபெயர் --பாஸ்ஃபைல்2 கோப்பு2 --எஸ்எஸ்எல்1 --எஸ்எஸ்எல்2 --ஜஸ்ட்லாகின்

இதுதான் அடிப்படை வரி. இனி வரும் படிகளில் வால்ப்பகுதி மட்டுமே மாறும். அதனால் இதை ஒரு ஷெல் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் கையால் தட்டினால் 1, 2 இடம் மாறும் வாய்ப்பு அதிகம்.

ஜஸ்ட்லாகின் இரண்டு பெட்டிகளிலும் நுழைந்துவிட்டு உடனே வெளியே வந்துவிடும். எந்த மெயிலையும் தொடாது. பிழை வந்தால், பெயரா பாஸ்வேர்டா சர்வரா என்று இங்கேயே தெரிந்துவிடும்.

6. எண்ணி எழுதி வையுங்கள்

ஜஸ்ட்லாகினுக்குப் பதிலாக --ஜஸ்ட்ஃபோல்டர்சைசஸ் போட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை மெயில், எத்தனை பைட், எது மிகப் பெரிய மெயில் என்று இரண்டு பக்கத்துக்கும் பட்டியல் வரும். இதைச் சேமித்து வைப்பது கடைசியில் ஒப்பிடுவதற்கு.

மிகப் பெரிய மெயிலின் அளவைக் கவனியுங்கள். இணைப்புகள் மெயிலுக்குள் எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் போகின்றன. அதில் அளவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். 25 எம்பி கோப்பு சர்வரில் கிட்டத்தட்ட 34 எம்பி. புதிய சர்வரின் உச்சவரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த மெயில் போகாது. அப்படிப்பட்டவை நாலைந்துதான் இருக்கும். இப்போதே அவற்றின் இணைப்புகளைத் தனியே இறக்கி வைத்துவிட்டால் பிறகு பதற வேண்டாம்.

7. ஃபோல்டர் பெயர்களைப் பொருத்துங்கள்

அனுப்பியவை போகும் ஃபோல்டரை ஒரு சர்வர் 'சென்ட்' என்கும், இன்னொன்று 'சென்ட் ஐட்டம்ஸ்' என்கும். அப்படியே மாற்றினால் புதிய பெட்டியில் இரண்டும் நிற்கும். பத்து வருஷத்துக்கு அனுப்பியது ஒன்றில், இன்று அனுப்பியது மற்றொன்றில். --ஆட்டோமேப் இதைச் சரிசெய்கிறது. ஃபோல்டர்களோடு சர்வர் தரும் 'இது அனுப்பியவை', 'இது குப்பை' என்ற குறிகளையும், வழக்கமான பெயர்களையும் வைத்துப் பொருத்திக்கொள்ளும்.

ஆட்டோமேப்போடு --ஜஸ்ட்ஃபோல்டர்ஸ், --டிரை இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். டிரை (உலர்ந்த என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) என்றால் வெறும் ஒத்திகை, எதையும் எழுதாது. எந்த ஃபோல்டர் எங்கே போகும் என்று ஜோடி ஜோடியாகக் காட்டும். பிடிக்காத ஜோடியை --எஃப்1எஃப்2 கொண்டு நீங்களே மாற்றலாம். சில சர்வர்களில் எல்லா ஃபோல்டர் பெயருக்கும் முன்னால் 'இன்பாக்ஸ்' என்ற சொல்லும் ஒரு புள்ளியும் இருக்கும், சிலவற்றில் சாய்கோடு. அதை ஐமேப்சிங்க் தானே பார்த்துக்கொள்ளும், கை வைக்காதீர்கள்.

தமிழில் பெயரிட்ட ஃபோல்டர் இருந்தால் பட்டியலில் & குறியில் தொடங்கும் ஏதோ குப்பைபோலத் தெரியும். பயப்பட வேண்டாம். ஐமேப் ஆங்கிலம் அல்லாத பெயர்களை அப்படித்தான் குறியேற்றி வைக்கிறது. தமிழ்ப் பெயர் என்றால் & குறிக்கு அடுத்த எழுத்து எப்போதும் பெரிய சி. வெப்மெயிலில் தமிழாகவே தெரியும். அந்த ஃபோல்டரை மட்டும் தனியே குறிப்பிட வேண்டுமானால் பட்டியலில் வந்தபடியே, ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். மேற்கோள் இல்லாவிட்டால் ஷெல் & குறியைப் பார்த்ததும் கட்டளையை அங்கேயே வெட்டிப் பின்னணிக்கு அனுப்பிவிடும்.

குப்பை, ஸ்பாம் வேண்டாம் என்றால் --எக்ஸ்குளூட் உண்டு. அது பெயரின் எந்தப் பகுதியோடு பொருந்தினாலும் விலக்கிவிடும். 'ஓல்ட்' என்ற பழைய ஃபோல்டரை விலக்கப்போய் 'கோல்ட் லோன்' ஃபோல்டரையும் விட்டுவிட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்று இருப்பது புரியும். பெயரின் தொடக்கத்தில் ^ குறியும் முடிவில் $ குறியும் போட்டால் முழுப் பெயர் மட்டும் பொருந்தும். இதையும் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள்.

8. ஒரு சின்ன ஃபோல்டரை மட்டும் மாற்றிப் பாருங்கள்

முப்பது நாற்பது மெயில் உள்ள ஃபோல்டர் ஒன்றை --ஃபோல்டர் என்று குறிப்பிட்டு, இம்முறை டிரை இல்லாமல் ஓட்டுங்கள். திரையில் ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு வரி ஓடும். ஃபோல்டர் பெயர், சாய்கோடு, பழைய பெட்டியில் அதன் எண், நெளிவு அடைப்புக்குள் பைட் அளவு, பிறகு 'காப்பிட் டு' என்று புதிய இடமும் எண்ணும். எண்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு சர்வரும் தன் கணக்கில் எண் போடும்.

முடிந்ததும் புதிய பெட்டியில் அந்த ஃபோல்டரைத் திறங்கள். 2014இல் வந்த மெயில் 2014 என்றே காட்டுகிறதா? படித்தது படித்ததாகவும், நட்சத்திரமிட்டது நட்சத்திரத்தோடும் இருக்கிறதா? மெயிலை ஃபார்வர்டு செய்து மாற்றாததற்குக் காரணமே இதுதான். ஃபார்வர்டு செய்தால் எல்லா மெயிலையும் நீங்களே இன்று அனுப்பியதாக ஆகிவிடும்.

இப்போது அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள். ஒரு மெயில்கூட இரண்டாவது தடவை போகக் கூடாது. ஐமேப்சிங்க் ஒவ்வொரு மெயிலின் உள்ளே இருக்கும் மெசேஜ்-ஐடி (அடையாளக் குறி), ரிசீவ்ட் (வந்த வழி) தலைப்புகளை வைத்து 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று அடையாளம் காணும். இந்தக் குணத்தை நம்பித்தான் அடுத்து வரும் எல்லாமே இருக்கிறது.

9. ஒரு முனையில் ஜிமெயில் இருந்தால்

ஜிமெயிலில் ஃபோல்டர் என்று ஒன்று கிடையாது, எல்லாம் லேபிள். ஒரே மெயில் மூன்று லேபிளில் இருந்தால் ஐமேப் வழியே மூன்று ஃபோல்டரில் தெரியும், 'ஆல் மெயில்' என்ற நான்காவது ஃபோல்டரிலும் தெரியும். அதை வேறு சர்வருக்கு அப்படியே மாற்றினால் நான்கு நிஜப் பிரதிகள் உருவாகும். 10 ஜிபி பெட்டி 25 ஜிபி ஆகிவிட்டதே என்று விழிப்பார்கள்.

பழைய முனை ஜிமெயில் என்றால் --ஜிமெயில்1, புதிய முனை ஜிமெயில் என்றால் --ஜிமெயில்2 சேருங்கள். சர்வர் பெயர், வேகக் கட்டுப்பாடு, பிரதித் தவிர்ப்பு எல்லாவற்றையும் அதுவே அமைத்துக்கொள்ளும்.

வேகக் கட்டுப்பாடு எதற்கென்றால், ஐமேப் வழியாக ஒரு நாளில் 2,500 எம்பி இறக்கவும் 500 எம்பி ஏற்றவும்தான் ஜிமெயில் அனுமதிக்கிறது. தாண்டினால் கணக்கைக் கொஞ்ச நேரம் பூட்டி வைக்கும். 6 ஜிபி மெயிலை ஜிமெயிலுக்குள் ஏற்றப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் நாள்தான் கூடும்.

ஜிமெயிலிலிருந்து எடுப்பவர்கள் செட்டிங்ஸில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். லேபிள்கள் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் 'ஐமேப்பில் காட்டு' என்ற டிக் இருக்கிறது, அது இல்லாத லேபிள் நமக்குத் தெரியவே தெரியாது. ஐமேப் பகுதியில், ஒரு ஃபோல்டரில் இத்தனை மெயிலுக்கு மேல் காட்டாதே என்ற வரம்பு வைக்க இடம் உண்டு. யாரோ எப்போதோ 1,000 என்று வைத்திருந்தால் ஆயிரத்தோடு முடிந்துவிடும், பிழையும் காட்டாது.

10. முழு ஓட்டம்

டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் ஓட்டத்தை நிறுத்தாத டெர்மினல் நிரல்) ஒன்றைத் திறந்து அதற்குள் ஓட்டுங்கள். தொலைவில் உள்ள சர்வரில் ஓட்டும்போது வீட்டில் கரண்ட் போனாலும் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டோமேப், எக்ஸ்குளூட் இரண்டும் வரியில் இருக்கட்டும், --ஃபோல்டரை எடுத்துவிடுங்கள்.

இதோடு --ஆட்ஹெடர் சேர்ப்பது என் வழக்கம். நீங்கள் எழுதி வைத்த வரைவுகள், சில பழைய மெயில் நிரல்கள் சேமித்த 'அனுப்பியவை' ஆகியவற்றில் மெசேஜ்-ஐடியும் இருக்காது, ரிசீவ்ட் தலைப்பும் இருக்காது. அடையாளம் இல்லாததை ஐமேப்சிங்க் தொடாமல் தாண்டிவிடும். இந்த ஆப்ஷன் நகலெடுக்கும்போது அவற்றுக்கு ஓர் அடையாளத் தலைப்பை ஒட்டிவிடுகிறது.

இடையில் நின்றால்? ஒன்றும் ஆகவில்லை. அதே வரியை மறுபடி ஓட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். ஐம்பது பிழை சேர்ந்தால் தானாகவே நின்றுவிடும். அப்போது மட்டும் உடனே மறுபடி ஓட்டாமல் லாகை (ஓட்டத்தின் பதிவை) படியுங்கள். பெரும்பாலும் இடம் நிறைந்திருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய பெட்டியில் ஒரு மெயிலையும் நகர்த்தாதீர்கள், அழிக்காதீர்கள், வரிசைப்படுத்தாதீர்கள். கை பரபரக்கும், தெரியும். ஐமேப்சிங்க் ஃபோல்டர் ஃபோல்டராகத்தான் ஒப்பிடுகிறது. இன்பாக்ஸிலிருந்து நீங்கள் 'வங்கி' ஃபோல்டருக்கு நகர்த்திய மெயில் அடுத்த ஓட்டத்தில் இன்பாக்ஸுக்குத் திரும்ப வரும். நீங்கள் அழித்ததும் வரும். புதிய பெட்டியில் நீங்கள் படித்த மெயில், பழையதில் படிக்காமல் இருந்தால், மறுபடி 'படிக்காதது' ஆகிவிடும். கடைசி ஓட்டம் முடியும் வரை புதிய பெட்டி வெறும் கிடங்கு.

11. சரிபாருங்கள்

ஓட்டத்தின் கடைசியில் ஒரு சுருக்கம் வரும். எத்தனை மாறியது, எத்தனை விடுபட்டது, எத்தனை பிழை என்று. 'டிடெக்டட் 0 எரர்ஸ்' என்ற வரி வேண்டும். முழு லாகும், நீங்கள் கட்டளை தட்டிய இடத்திலேயே லாக் என்ற சொல்லில் தொடங்கும் ஒரு ஃபோல்டரில் சேமிக்கப்பட்டிருக்கும்.

6ஆவது படியில் சேமித்த எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது புதிய பக்கத்தில் சில மெயில்கள் குறைவாக இருக்கலாம். ஒரே ஃபோல்டரில் ஒரே மெயில் இரண்டு முறை இருந்தால் ஐமேப்சிங்க் ஒன்றைத்தான் கொண்டுபோகும். சுருக்கத்தில் 'டூப்ளிகேட்' என்ற எண்ணிக்கை இதைச் சொல்லும். வித்தியாசம் அந்த எண்ணுக்குச் சமமாக இருந்தால் சரி. அதற்கு மேல் ஒன்று குறைந்தாலும் எது என்று தேடுங்கள்.

பிறகு கண்ணால் பாருங்கள். மிகப் பழைய மெயில் ஒன்று, பெரிய இணைப்புள்ள ஒன்று, நீங்கள் அனுப்பிய ஒன்று, தமிழில் தலைப்புள்ள ஒன்று. இணைப்பைத் திறந்தே பாருங்கள், பெயர் தெரிந்தால் போதாது. யூனிகோட் பரவுவதற்கு முன்பு டிஸ்கி, டேப் என்ற பழைய தமிழ்க் குறியேற்றங்களில் வந்த மெயில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது மாற்றத்தின் தவறு இல்லை. பழைய பெட்டியிலும் இன்று அப்படித்தான் தெரியும். பைட்டுகள் அப்படியே வந்திருக்கின்றன, பின்னால் எழுத்துரு மாற்றியில் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

12. மாறும் நாளும் இரண்டாம் ஓட்டமும்

இப்போதுதான் பழைய பெட்டியில் 'வரும் மெயிலைப் புதிய முகவரிக்கு அனுப்பு' என்று அமைக்க வேண்டும். பிரதி ஒன்று பழையதிலும் இருக்கட்டும். முழு ஓட்டத்துக்கு முன்பே இதைச் செய்தவர்களுக்கு, ஃபார்வர்டில் வந்த பிரதி ஒன்று, ஓட்டத்தில் வந்த பிரதி ஒன்று என்று இரண்டிரண்டாகச் சேரும். வழியில் ரிசீவ்ட் தலைப்புகள் மாறிவிடுவதால் ஐமேப்சிங்குக்கு இரண்டும் ஒன்று என்று தெரியாது.

அமைத்த உடனே அதே வரியை ஒருமுறை ஓட்டுங்கள். முதல் ஓட்டம் தொடங்கியதிலிருந்து இதுவரை பழைய பெட்டிக்கு வந்தவை இதில் வந்துவிடும். சில நிமிஷங்களில் முடியும். இதுதான் கடைசி ஓட்டம். இனி புதிய பெட்டியை உங்கள் இஷ்டப்படி அடுக்கலாம். ஃபார்வர்டில் வரும் மெயில் சில சமயம் ஸ்பாமில் போய் உட்காரும், முதல் சில வாரம் அங்கேயும் எட்டிப் பாருங்கள்.

அடுத்து, யார் யாருக்கு முகவரி மாற்றம் சொல்ல வேண்டும்? நினைவிலிருந்து எழுதினால் பாதி விடுபடும். 4ஆவது படியில் இறக்கிய பிரதி இங்கேதான் உதவுகிறது. அந்த ஃபோல்டருக்குள் போய், கிரெப் (வரிகளைத் தேடும் கட்டளை) கொண்டு 'ஃப்ரம்' என்ற சொல்லும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்கும் வரிகளை எல்லாம் எடுத்து, சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டளை) வழியாக அனுப்பி, யூனிக் -சி கொண்டு எண்ணி, மறுபடி சார்ட் -ஆர்என் கொண்டு இறங்குவரிசையில் அடுக்குங்கள். நாலு கட்டளையும் குழாய்க்குறியால் இணைந்த ஒரே வரி. யார் எத்தனை மெயில் அனுப்பியிருக்கிறார்கள் என்ற பட்டியல் வந்து விழும். வங்கி, காப்பீடு, வருமான வரி, ரயில் டிக்கெட், மின்வாரியம், டொமைன் பதிவு எல்லாம் அதில் இருக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு மெயில் அனுப்புபவர்கள் பட்டியலின் அடியில் இருப்பார்கள். நாம் மறப்பதும் அவர்களைத்தான்.

முதலில் மாற்ற வேண்டியது, பாஸ்வேர்டு மறந்தால் மீட்பு மெயில் பழைய முகவரிக்குப் போகும் கணக்குகள். பழைய பெட்டி இருக்கும்போதே மாற்றினால்தான் உறுதிப்படுத்தும் ஓடிபி வந்து சேரும்.

13. பழைய பெட்டியை மூடும் முன்

ஐமேப் மெயிலை மட்டும்தான் கொண்டுவரும். முகவரிப் புத்தகம், காலண்டர், சர்வரில் எழுதி வைத்த ஃபில்டர் விதிகள், கையொப்பம் எதுவும் வராது. அவற்றை வெப்மெயிலில் இருந்து தனித்தனியே எடுங்கள்.

ஐமேப்சிங்கில் --டெலீட்1, --டெலீட்2 என்று இரண்டு உண்டு. முதலாவது, மாற்றிய மெயிலைப் பழைய பெட்டியிலிருந்து அழிக்கும். இரண்டாவது, பழைய பெட்டியில் இல்லாத எதுவும் புதிய பெட்டியில் இருக்கக் கூடாது என்று அழிக்கும். அதாவது நேற்று புதிய முகவரிக்கு நேராக வந்த மெயிலையும் அழித்துவிடும். இத்தோடு 1, 2 இடம் மாறியும் இருந்தால், காலியான புதிய பெட்டியைப் பார்த்துப் பழைய பெட்டியைக் காலி செய்துவிடும். காகிதத்தில் எழுதி ஒட்டச் சொன்னது இதற்காகத்தான். முகவரி மாற்றும் வேலைக்கு இரண்டுமே தேவையில்லை.

பழைய பெட்டியை வைத்திருக்க முடியும் என்றால் ஒரு முழு வருஷம் வைத்திருங்கள், ஆண்டுக்கொருமுறை வரும் மெயில் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். மூடும் தேதி உங்கள் கையில் இல்லை என்றால், அதுவரை 'என் புதிய முகவரி இது' என்ற தானியங்கிப் பதிலைப் போட்டு வையுங்கள். மூடும் நாளுக்கு முந்தைய இரவு எம்பிசிங்கை இன்னொரு தடவை ஓட்டி, பென்டிரைவ் பிரதியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அந்த இரண்டு பாஸ்வேர்டு கோப்புகளையும், ஜிமெயிலில் உருவாக்கிய ஆப் பாஸ்வேர்டையும் அழித்துவிடுங்கள்.